வாசல் நிலைக்கு அடியில் ராஜராஜன்

மதுமதி,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. மேட்டூர் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

புது நிலை வைக்கும்போது அடியில் காசு போடுவது வழக்கம்தான். அதற்காக, நான் டூட்டியில் இருந்த நேரத்தில், என் நாணய ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து ராஜராஜன் செப்புக்காசை உருவிப் போட்டு, மேலே சிமெண்டும் பூசியாயிற்று என்று நேற்று ராத்திரி, குழம்பில் உப்புப் போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாயே, அம்மணி! விரல் ஈரம்கூடப் படக்கூடாதென்று உறை போட்டுக் காத்தவன் நான். இப்போது அதன்மேல் தினமும் வாசல் கழுவப் போகிறோம்.

கத்தினேன். கொத்தனார் மாரியப்பனைக் கூப்பிட்டு, காலையில் வந்து நிலையைப் பெயர்க்கவும் சொல்லிவிட்டேன். நீ ஒன்றுதான் சொன்னாய்: "உங்ககிட்ட இருக்கறதுலயே எது ஒசத்தியோ அதைத்தானுங்க போட்டேன். நம்ம ஊடு இல்லீங்களா?"

ராத்திரி எழுந்து போய் டார்ச் அடித்து அந்த நிலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாரியப்பன் வந்தால் டீயும் எனக்கு எடுத்து வைத்த இட்லியும் கொடுத்து அனுப்பிவிடு. நிலையைத் தொட வேண்டாம்.

ஆல்பத்தில் அந்தக் காலி உறைக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: "ராஜராஜன் வாசலில் காவலுக்குப் போயிருக்கிறார்."

தமிழரசு

மஞ்சள் துணியில் சுற்றித்தானே போட்டாய்? சும்மா கேட்கிறேன்.

ஆல்பம் இருக்கிற பீரோவின் சாவியை ஒளிக்கவில்லை, அதே ஆணியில்தான் தொங்குகிறது. பின்வாசல் நிலைக்கும் காசு வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்திலிருந்து எடு.