குறி போட்ட சைக்கிள்

நங்கை,

இன்று காலையிலிருந்து வீட்டுக்குள் புது ரப்பர் வாசம். பேத்தி ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறாள். மணிக்கட்டுத் தடிமனில் டயர், அதன் மேலெல்லாம் பாகற்காய் போல முண்டும் முடிச்சும். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசுக்குப் புதியது வராது. யாரோ ஓட்டிய வண்டிதான். டயர் மட்டும் புதிதாக மாட்டியிருக்கிறான் விற்கிறவன். சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னானாம்.

"அம்மாயி, நல்லா இருக்குதுங்களா? எடுத்துக்கட்டுமா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெயின்டைப் பார்க்கவில்லை. செயின் ஓடுகிற சக்கரத்தின் பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினேன். தடவும்போதே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா நீங்கள், எனக்கு நங்கை. கட்டிய இடத்தில் வாழ்வு சரியில்லாமல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, மேச்சேரி ஆடு வளர்த்துச் சந்தை சந்தையாக வாங்கி விற்றுப் பிழைத்தவர். எண்பதாம் வருடம் பிறக்காத காலம் அது. உங்கள் தம்பி சங்ககிரியில் லாரி ஏறினால் மாதம் ஆகும் திரும்பி வர. அதுவரைக்கும் என் அடுப்பு எரிந்தது இரண்டு எருமைகளின் பாலில். பால் சொசைட்டி கரட்டுக்கு, அந்தக் கல்லுக் குன்றுக்கு, அந்தப்பக்கம். பால் வண்டி வருவதற்குள் ஊற்றவேண்டும், தாமதமானால் திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான். அதனால் என் மச்சாண்டார், அதாவது உங்கள் அண்ணன், தன் பாலோடு என் பாலையும் அவர் சைக்கிளில் கொண்டுபோனார்.

என் பால் தண்ணிப்பால் என்று திரும்பி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. சொசைட்டிக்காரர் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, "லாரிக்காரர் ஊட்டுப் பாலு இன்னொருக்கா இப்பிடி வந்துதுன்னா அட்டையக் கிழிச்சுப்போடுவேன்" என்று சொல்லிவிட்டாராம். பால் ஊற்றுகிற அட்டை போனால் என் பிள்ளைக்குக் கஞ்சி போச்சு. மறுநாள் விடிந்ததும் பின்னாலேயே போனேன். வாய்க்கால் மேட்டில் சைக்கிளை நிறுத்தி, என் கேனிலிருந்து தன் கேனுக்கு மொண்டு ஊற்றிவிட்டு, குறைந்த அளவுக்கு வாய்க்கால் தண்ணீரை விட்டார் அந்தப் பெரிய மனிதர். சொசைட்டிக்காரர் தினமும் பாலில் மானி விட்டுச் சோதிக்கமாட்டார், அதனால் அந்தச் சில நாள் அட்டை தப்பியது.

வந்து உங்களிடம்தான் சொன்னேன். நீங்கள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னீர்கள்: "அண்ணன் ஒரு சொம்பு ஊத்தியிருப்பான். அதுக்குன்னு ஊட்ட ரெண்டாக்குவியா அம்மிணி?"

அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள். எடுக்கவும் இல்லை, எடுக்கப்போவதும் இல்லை.

"நானே கொண்டுபோவேன். சைக்கிள் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டொரு நாள் கழித்து, மச்சாண்டார் பாலோடு போன பிறகு, என் வாசலில் வந்து நின்றீர்கள். "திருச்செங்கோட்டுக்குப் போறேன். பழைய சைக்கிள் கடை ஒண்ணு தெரியும். வாரியா?" உங்கள் சேலைக் கரையில் வாய்க்கால் சேறு, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. நீங்களும் போய் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை.

கடைக்காரன் எங்களைப் பார்த்ததும் ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டி வந்தான். பச்சைப் பெயின்ட், முன்னால் கூடை, ஹேண்டில்பாரில் குஞ்சம். எனக்குப் பிடித்துத்தான் போனது. நீங்கள் குனிந்து சக்கரப் பல்லைத் தடவினீர்கள்.

"ஏனுங்கக்கா, இது சைக்கிளுங்களா, ஆடுங்களா? பல்லப் புடிச்சுப் பாக்கறீங்க?"

"விக்கறவன் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுத்தான் தம்பி கொண்டாருவான். பல்லுக்குப் பெயின்ட் அடிக்க முடியாதல்லோ? இது கெழடு. அக்கட்டால வை."

அவன் முகம் சுண்டிப்போனது. மூலையில் கிடந்த கறுப்பு வண்டியைக் காட்டினீர்கள். துரு ஏறியிருந்தது, சீட்டு கிழிந்திருந்தது. பல் மழுங்கவில்லை. பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரை கையோடு கொண்டுபோயிருந்த பால் கேன்கள் இரண்டிலும் நிரப்பி, ஆளுக்கொரு வண்டியில் கட்டி, மலைக்கோயில் பக்கம் ஏறுகிற தெருவில் தள்ளிப் பார்த்தோம். பச்சை வண்டி கொஞ்ச தூரத்திலேயே முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டது. கறுப்பு வண்டி மூச்சு விடாமல் ஏறியது.

"ஆனா நங்கை, இதுல நடுவுல பார் இருக்குதுங்களே. சேலையோட எப்பிடி ஏறுவேன்?"

"ஏறறதுக்கு நீ ஒரு வழி பண்ணிக்குவ. பால் கேன் வழி பண்ணிக்குமா?"

கேரியர் மாட்டிவைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றான் கடைக்காரன். நீங்கள் மடியிலிருந்து காவிக் கட்டியை எடுத்து, எச்சில் தொட்டு, பின் மட்கார்டில் ஒரு தீற்றுத் தீற்றினீர்கள். சந்தையில் விலை படிந்த ஆட்டின் முதுகில் போடுகிற அதே குறி.

"வண்டிய மாத்திருவேன்னா நெனைக்கறீங்க?" என்றான் அவன்.

"நீ மாத்த மாட்ட சாமி. வண்டி மாறிரும்" என்றீர்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

சின்ன வயதில் அப்பன் வீட்டில் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப்பெடல் அடித்துப் பழகியிருந்தேன். அதே அரைப்பெடல்தான், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. முதல் நாள் காலையில் பால் கட்டிக்கொண்டு கரட்டின் மேலே தள்ளிப்போனேன். வண்டி சொன்ன சொல் கேட்டு ஏறியது. உச்சியில் பெடலை மிதித்து இறக்கத்தில் விட்டேன். பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கவில்லை. பிரேக் கட்டை எத்தனை வருடத்துக் கட்டையோ, கல்லாய் இறுகிப்போயிருந்தது. ஆட்டை எவரும் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குவதில்லையே! ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தோம் நாம் இரண்டு பேரும்.

கிளுவை வேலியில் போய் விழுந்தேன். ஒரு கேன் மூடி பிய்ந்து பால் அத்தனையும் மண்ணுக்குப் போனது. முழங்கால் கிழிந்து ரத்தம். கீழே பால் வண்டி வரும் தூசி தெரிந்தது. உட்கார்ந்து அழ நேரமில்லை. மிச்சமிருந்த கேனைக் கட்டிக்கொண்டு வண்டியோடு ஓடினேன்.

மச்சாண்டார் சொசைட்டி வாசலில் நின்றிருந்தார். "பொம்பள சைக்கிள் ஓட்டுனா இதான். பாதிப் பால வேலிக்கு ஊத்திட்டு வந்திருக்கறா, பாருங்க" என்று நான்கு பேருக்குக் கேட்கச் சொன்னார்.

சொசைட்டிக்காரர் என் பாலில் பால்மானியை விட்டார். குனிந்து பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். "தண்ணியே இல்லீங்களே! சுத்தப் பாலு. இத்தன நாளும் இந்த ஊட்டுப் பால ஆரு கொண்டாந்தது?"

எல்லார் கண்ணும் போய் நின்ற இடம் ஒன்றுதான்.

"வாய்க்காலக் கேளுங்க" என்றேன்.

அன்று மத்தியானம் மச்சாண்டார் நம் வாசலுக்கு வந்தார். நீங்கள் என் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "குடும்ப மானம் சந்தி சிரிக்குது. அந்த வண்டிய இங்க குடு. பால நானே கொண்டுபோறேன்" என்று ஹேண்டில்பாரில் கை வைத்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். நீங்கள் என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு எழுந்து போனீர்கள். மட்கார்டைத் தொட்டுக் காட்டினீர்கள்.

"குறி போட்டாச்சுங்கண்ணா. குறி போட்ட உருப்படி மேல கை வெக்கறது எந்தச் சந்தையிலயும் இல்ல."

அவர் கையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு அவர் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அவர் சாவுக் காரியத்துக்கும் வாசலோடு நின்று திரும்பினேன். நீங்கள் புதுப் பிரேக் கட்டை வாங்கிவந்து மாட்டவைத்து, "ஏறுதான்னு பாத்தோம், நிக்குதான்னு பாக்காம உட்டுட்டமே அம்மிணி" என்று உங்கள் தலையில் நீங்களே குட்டிக்கொண்டீர்கள். அந்த வண்டியில் பால் ஊற்றித்தான் மூத்தவளையும் இளையவனையும் படிக்கவைத்தேன். அட்டை கிழியவில்லை. ஒரு நாளும் பால் திரும்பவில்லை.

ஆனாலும் நங்கை, அண்ணன் செய்தது தப்பு என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், கடைசிவரைக்கும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. உங்கள் உடம்பைக் காட்டில் கொண்டுபோய் வைக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

இன்று பேத்தியிடம் சொன்னேன்: "பல்லு நல்லா இருக்குது. கரட்டு மேல ஏத்து. ஏறறது பெருசில்ல சாமி, டயரப் பாத்தாலே தெரியுது. உச்சியில திருப்பி எறங்கி வா. பாதி எறக்கத்துல நிறுத்து. நின்னா எடுத்துக்கலாம்."

"கீழ உழுந்தா?"

"வேலி இருக்குது. அந்தப்பக்கம் நான் உழுந்த மாதிரி கிளுவ வேலிதான்."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறினாள், திரும்பினாள், இறங்கினாள். பாதியில் புழுதி எழும்பியது. நின்றாள். நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள்.

வந்ததும் சுருக்குப்பையிலிருந்து காவிக் கட்டியை எடுத்து, எச்சில் தொட்டு, பின் சக்கரத்துக்கு மேலே ஒரு தீற்றுத் தீற்றினேன்.

"ஐயோ அம்மாயி, என்னங்க இது!"

"குறி. இனி இது உன்றது. எவனும் கை வெக்க முடியாது."

உங்கள் கட்டிதான் நங்கை. தேய்ந்து புளியங்கொட்டை அளவாகிவிட்டது, இன்னும் வைத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லும் உங்களிடம் பாக்கி நிற்கிறது. அதை நேரில் வந்துதான் கேட்பேன்.