பேச்சில்லாத வேஷம்

23-1-89, திங்கள்
குவார்ட்டர்ஸ் மன்றத்தில் முடிவு செய்துவிட்டார்கள். பிப்ரவரி பன்னிரண்டு மாலை, ஓரங்க நாடகங்கள். புது இயக்குநர்கள் மூன்று பேர். மூன்றாவது நான்! பால்ராஜிடம் சொன்னேன். "சரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாடகத்துக்குக்கூடத் தேறாது.

31-1-89
என் நாடகத்தில் இரண்டே பேர். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு வேலைக்குப் போகட்டுமா என்று மனைவி கேட்கிறாள். கணவன் மறுக்கிறான். கடைசியில் அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுகிறாள். மனைவி, பக்கத்து பிளாக் கெங்கம்மாள். கணவன், மாடிவீட்டு தேவராஜ். ஒரு சொல் மாறினாலும் நான் விடுவதில்லை. "இன்னாக்கா, டீச்சர் கணக்கா மெரட்டுற" என்கிறாள் கெங்கம்மாள்.

8-2-89
தேவராஜுக்கு அம்மை போட்டிருக்கிறது. இனி யாரைப் பிடிப்பேன்?

9-2-89
காலையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பால்ராஜ் சொன்னார்: "நான் வேணா வந்து குந்துறேன். பேச மட்டும் சொல்லாதே."
சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன். பேசாத கணவன்... அவன் வசனம் முழுவதையும் அடித்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், அவன் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பான். மறுத்துப் பேசுவதைவிட இதுதான் வலிக்கிறது.

11-2-89
ஒத்திகை பிரமாதம். பால்ராஜ் அசையவே இல்லை. பழக்கம்தானே!

12-2-89, ஞாயிறு
அய்யோ, இன்னா மனுஷன் இவரு!
மன்றம் நிறைந்த கூட்டம். முதல் நாடகத்தில் ஒட்டுமீசை கழன்று விழுந்தது, இரண்டாவது கொஞ்சம் நீளம். கடைசியாக நாங்கள். கெங்கம்மாள் கெஞ்சக் கெஞ்ச, முன்வரிசைப் பெண்கள் "எங்க ஊட்லயும் இதே கதைதான்" என்று சிரித்தார்கள். போகப் போக சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் பையை எடுத்துத் திரும்பினாள். திரை விழ வேண்டும் – எழுந்து நிற்கிறார் இவர்! "கெளம்பு, பஸ்ஸு பூடப் போவுது. கொயந்தய நான் பாத்துக்கிறேன்."
ஒரே கைதட்டல், விசில். போச்சு. என் முடிவு போச்சு. யார் கேட்டா இவரை?
பக்கத்து ஊரான பாடியின் தொழிலாளர் நாடகக்குழு மனோகரன் என்னைத் தேடி வந்தார். "எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா." கோபத்தில் பதிலே சொல்லாமல் வந்துவிட்டேன்.

13-2-89
காப்பியை ணங்கென்று வைத்தேன். அவரே அடுப்படிக்கு வந்தார்.
"கோவமா?"
"எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."
"அது அம்மாம் கெஞ்சுது. எப்டி கம்முனு குந்திகினு இருக்கிறது?"
"நாடகம்ங்க அது."
"எனக்கு அப்டித் தெரில." காப்பி டம்ளரைக் கழுவி வைத்தார். "பாடிக்காரரு கூப்ட்டாரே, இன்னா சொன்ன?"
"ஒண்ணும் சொல்லலை."
"போணும்னு ஆசை கீதா ஒனக்கு?"
இதுவரை இப்படி ஒன்று கேட்டதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "கீது" என்றேன். இன்றைக்கே சைக்கிளில் பாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

5-3-89, ஞாயிறு
பாடியில் முதல் ஒத்திகை. ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. பரந்தாமன் என்பவர், "இத்த எப்டிங்க சொல்லணும்?" என்று கேட்டார். "முதல்ல உங்களுக்குத் தோணுறபடி சொல்லுங்க, கேக்கிறேன்" என்றேன். நான் எழுதியதைவிட நன்றாகவே சொன்னார்.
வீட்டுக்கு வந்தால் எங்கள் பாப்பா குளித்து, கோணல் வகிடோடு உட்கார்ந்திருந்தாள். சாதம் வடித்திருந்தது. புது நாடகத்தின் கதை என்ன என்று கேட்டார் பால்ராஜ். பாதி சொல்லும்போதே, "அவன் இன்னாத்துக்கு அப்டிப் பண்றான்?" என்றார். எனக்கே இன்னும் தெரியவில்லை என்றேன். சாதம் ஆறுகிற வரைக்கும் இருவரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.