மூன்றாவது சாவி

மேடிசன்,
ஜூலை 28

டேலுக்கு, கிரெட்சன் எழுதுவது.

நான் நலம். டுலூத்தில் நீங்கள் சௌக்கியமாக இருப்பதாக உங்கள் அக்கா சொன்னார். தினமும் மீன் பிடிக்கப் போகிறீர்களாம். நல்லது.

நம் வீட்டை ஆகஸ்ட் பதினைந்து முதல் ஒரு வருடத்துக்கு நான்கு கல்லூரிப் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். எனக்கு அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை கிடைத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர். போதும். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு தேடி எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் பதினேழு வருடமாக நான் பாடும் பாட்டு உங்களுக்கே மனப்பாடம். குடிபோகுமுன் ஒரு கீறல் விடாமல் படிவத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் பழைய சேதம் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள் என்பேன். அதை ஒழுங்காகக் காதில் வாங்கிய ஒருத்தி நேற்று நம் வீட்டுக்கே வந்தாள். பிரின் என்று பெயர், மாட்டுப்பண்ணைக் குடும்பத்துப் பெண். "நீங்கதானே மேடம் ஒண்ணு விடாம எழுதச் சொன்னீங்க, அப்புறம் முறைக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே அறை அறையாகப் போனாள். எரியாத அடுப்பை எழுதினாள். குளியலறைக் குழாயை எழுதினாள்.

படுக்கையறையில் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுவரில் முஷ்டி அளவு ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டாள். கதவுக் கைப்பிடி இடித்தது என்றேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். அது எதிர்ப்பக்கம் திறக்கிற கதவு. பிறகு ஓட்டைக்கு முன்னால் போய் நின்றாள். என் உயரம்தான் அவளும். ஓட்டை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. "சரி மேடம், ஏற்கெனவே இருந்துச்சுன்னு மட்டும் போட்டுக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, நீங்கள் போவதற்கு வெகுநாள் முன்பிருந்தே நான் அப்படித்தான் இருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில் சாவிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. மொத்தம் மூன்று என்றேன். மேசையில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது யாரிடம் என்றாள், என் கணவரிடம் என்றேன். பேனாவை மூடிவிட்டாள். "அது வந்தாத்தான் நாங்க கையெழுத்துப் போடுவோம் மேடம். நாலு பொண்ணுங்க தூங்கப்போற வீடு." பத்தொன்பது வயதுப் பெண் கேட்டதை, இதே வீட்டில் தனியாகத் தூங்கிய நான் இத்தனை மாதமாகக் கேட்கவில்லை.

நவம்பர் விடுமுறைக்கு வருகிறேன், பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். இங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள்.

பூட்டுக்காரர் வியாழக்கிழமை வருகிறார். அதன் பிறகு உங்கள் சாவி எதையும் திறக்காது. ஆனாலும் காலி செய்கிறவர் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், எல்லாருக்கும் அதுதான் விதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் நாளில் படகை எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தையும் சாவியையும் ஒரே உறையில் போடுங்கள். தயவுசெய்து கூடவே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கிரெட்சன்