பிறக்குமுன் பின்னிய சட்டை

என் பிடிவாதக்கார அம்மா,

உங்கள் பேத்தி அபிராவின் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. எட்டு மாதம் நிறைந்திருந்தது. வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. பெண்பிள்ளை. இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, உடுப்புக் கொண்டுவந்தீர்களா என்று நேர்ஸ் கேட்டாள். கனடாவில் எங்கள் பிக்கரிங் வீட்டில் ஒரு குட்டித் தொப்பிகூட இல்லை. பிறக்குமுன் ஒன்றும் வாங்கக்கூடாது என்பது உங்கள் கட்டளை அல்லவா?

"ஐ டிட் எவ்ரிதிங், அம்மா. அம்மம்மா சொன்ன மாதிரித்தானே இருந்தனான்? பிறகேன்?" என்று உங்கள் பேத்தி கேட்டாள்.

அந்தக் கட்டளை வந்த கதையை அபிரா என் வயிற்றில் இருந்தபோது ஒரேயொரு தடவை சொன்னீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்து. அப்பா படித்துக்கொண்டிருந்த சின்ன ஊர். சைக்கிளில் வந்து உங்களைப் பார்த்த மிட்வைஃப், அந்த ஊர் மருத்துவிச்சிதான், பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னப் பழக்கினாள். அங்கே எல்லாத் தாய்மாரும் முன்கூட்டியே பின்னுவார்களாம். பிறகு அந்த ஊர்ப் பிரசவ விடுதியில் உங்கள் முதல் பிள்ளை அழாமல் பிறந்தது. உங்களுக்குக் காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். அப்போது அதுதான் அங்கே வழக்கம். ஆணா பெண்ணா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் திரும்பியதும் அப்பாவின் அக்கா கேட்டாவாம்: "பிறக்க முன்னம் ஆர் உன்னைச் சட்டை பின்னச் சொன்னது?" அந்தப் பழியைச் சாகும்வரை சுமந்தீர்கள்.

இங்கே நேர்ஸ் ஒரு வெள்ளைக் கம்பளிச் சட்டை கொண்டுவந்தாள். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கென்று யாரோ பின்னிக் கொடுப்பார்களாம். அதைப் போட்டு அபிராவின் கையில் தந்தார்கள். அவள் போதும் என்கிறவரை வைத்திருந்தாள். நீங்கள் பின்னியதை உங்கள் பிள்ளைக்கு யாராவது போட்டார்களா, அம்மா? எங்கே புதைத்தார்கள்?

அபிராவுக்குப் பால் கட்டி நெஞ்சு நோகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். என்னிடம் ஆறுதல் ஒன்றுமில்லை. கடவுளோடு கதைக்கவும் மனமில்லை.

ஆனால் நாங்கள் ஒரு நூல்கூட வாங்கவில்லை. இந்தப் பிள்ளையும் போய்விட்டது. நீங்கள் பின்னியதால் போகவில்லை, அம்மா, உங்கள் பிள்ளை. இது தெரியவர நீங்கள் இல்லை.

இனி இந்த வீட்டில் அந்தக் கட்டளையை யாருக்கும் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், மூத்ததையும் சேர்த்தே சொல்வேன்.

அண்ணாவோ அக்காவோ தெரியாத அந்தப் பிள்ளையின் தங்கச்சி,
உங்கள் வசந்தி