ஏழாம் நம்பரில் ஐந்து ஞாவா

3-1-1983, திங்கள்

புது மெஷின் வந்திருக்கிறது. மேசை மாதிரி இருக்கும் வகை. கண்ணாடிக்கு அடியில் திரை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. கடையில் இது ஏழாவது என்பதால் கடை முதலாளியான தௌக்கே ஓரத்தில் சிவப்பாக 7 என்று ஒட்டிவிட்டார்.

வீட்டில் கேட்டால் கெர்ட்ரூட் கேம் கடையில் டோக்கன் கொடுக்கிறாள் என்பார்கள். காலையில் கடை திறக்குமுன் எல்லா மெஷினையும் ஆடிப் பார்த்து, ரோசாக் ஆனதை, அதாவது கெட்டதை, ரோசாக் புத்தகத்தில் எழுதி வைப்பதும் என் வேலைதான் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால், இதுக்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறான் என்பாள்.

மேசை மெஷினை ஒற்றை ஆளாகச் சோதிக்க முடியாது. ஒருவர் செத்தால்தான் திரை தலைகீழாகத் திரும்பி எதிரே இருப்பவர் முறை வரும். அதனால் திங்கள்தோறும் வருகிற மெக்கானிக் சதாசிவம் எதிரே உட்கார்ந்தார். லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆளுக்கு மூன்று ஞாவா. உயிர் என்று இந்தக் கடையில் யார் சொல்கிறார்கள்? சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாருக்கும் ஞாவாதான்.

விளையாட்டு இதுதான்: கரையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். படகுக்காரன் ஒவ்வொருவராக ஏற்றி, முதலைக்குத் தப்பி, அக்கரையில் விட வேண்டும். ஐந்து பேரும் போனால் ஒரு சுற்று முடிந்தது. கைக்கு நன்றாக இருக்கிறது. குச்சியை விட்ட பிறகும் படகு கொஞ்சம் நழுவிப் போகிறது, நிஜத் தண்ணீர் போலவே. கதைதான் படு மோசம். இவர்களுக்கு அக்கரையில் என்ன வேலை? இறங்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அடுத்த சுற்றில் அதே மூஞ்சிகள் இக்கரையில் வந்து நிற்கின்றன!

சொன்னேன். "கதை எதுக்கு மிஸ்? கைக்கு வேலை இருந்தா போதாதா?" என்றார்.

"கைக்கு வேலைதான் வேணும்னா ரொட்டி சானாய் போடப் போலாமே."

சிரித்தார். முன்பல் இரண்டும் கொஞ்சம் கோணல். இதை எதற்கு எழுதுகிறேன்?

10-1-1983

இன்று என் கருத்து முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன். கடைசி ஆள்தான் இந்த விளையாட்டின் குறை. மற்ற நாலு பேரும் போகிறவரை அவன் கரையில் நின்றுகொண்டே இருக்கிறான். அவனை வரைந்தவனுக்கு அவனைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்து ஆட்களை ஏற்றிப்போக ஒரே லோரிதான் வந்தது. நாங்கள் கடைசி நடை. சட்டிபானையோடு பகல் முழுக்க ரோட்டில் நின்றோம். எனக்கு எட்டு வயது. லோரி வராமலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தன் முறை வந்ததும் அவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு, "அப்போ கடைசி ஆளை முதல்ல ஏத்திருவோம் மிஸ்" என்றார். அவன் நிற்பது தூரத்து மூலை. போகும் வழியெல்லாம் முதலை. ஒரு ஞாவா போயிற்று. மறுபடியும் அவனிடமே போனார். ஏற்றிவிட்டார்.

17-1-1983

டிபன் கேரியரில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். கடையில் எல்லாரும் அவரை அண்ணே என்கிறார்கள். நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

31-1-1983

எங்களால் ஒன்பதாவது சுற்றுக்கு மேல் போகவே முடியவில்லை. இதற்கு முடிவே கிடையாது, முடிவில்லாதது என்ன கதை என்று அலுத்துக்கொண்டேன்.

"யார் சொன்னா? பினாங்குல ஒரு கடையில பார்த்தேன். பதினாறாவது சுத்துல படகுக்காரனே எறங்கிருவான். அங்க ஒரு வீடு இருக்கு. வாசல்ல ஒருத்தங்க நிப்பாங்க."

"யாரு?"

"சொன்னா கதை போச்சு. ஆடிப் பாருங்க."

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த வாசலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7-2-1983

திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "வீட்டுல பொண்ணு பார்க்கிறாங்க மிஸ். சித்தியவான் பக்கம்."

"நல்லதுதானே."

வாயில் என்ன வைத்திருந்தேன், கொழுக்கட்டையா? நல்லதுதானேயாம்! என் படகு நேராக முதலை வாய்க்குள் போனது. அவர், "நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார். நான் டோக்கன் எண்ணப் போய்விட்டேன்.

16-2-1983, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். தவக்காலத்துக்கு அம்மா இறைச்சியை விட்டுவிடுவாள், அப்பா சுருட்டை விடுவதாகச் சொல்வார். நான் எனக்கு இருப்பதிலேயே பெரியதை விடுகிறேன். உயிர்ப்பு ஞாயிறு வரை விளையாட மாட்டேன். சோதனைக்கு மட்டும் தொட்டு, உடனே சாகவிட்டு எழுந்துவிடுவேன். ஆண்டவரே, அவர் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால், அவர் கோயில் வேறு நம் கோயில் வேறு என்று அம்மா அழாமல் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

21-2-1983

மூன்று ஞாவாவையும் ஒரு நிமிடத்தில் முதலைக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"என்னா மிஸ், உடம்பு சரியில்லையா?"

"வேலை கெடக்கு."

நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அம்மாவின் சட்டம். அதிலும் இவரிடம் எப்படிச் சொல்வேன், யாருக்காக என்று கேட்டால்?

28-2-1983

இன்றும் ஒரு நிமிடம். "பதினாறு பார்க்க வேணாமா?" என்றார். பிறகு பார்க்கலாம் என்றேன். நான் டோக்கன் எண்ணுகிற சாக்கில் பார்த்தேன். எதிர் நாற்காலி காலியாக இருக்க, அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஐந்து வாரம். பொறுத்துக்கொள்ளுங்கள் சாமி.

7-3-1983

ஏழாம் நம்பர் கெட்டுவிட்டது. மூன்றும் செத்த பிறகு நாலாவது வருகிறது. அதையும் சாகடித்தால் ஐந்தாவது! அவர் கன்னத்தில் கை வைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோசாக்கா இது?" என்றேன்.

"தெரியலையே. நெறைய இருக்குல்ல, மெதுவா ஆடுங்க மிஸ்."

படகு கையில் நழுவுகிறது, அவர் எதிரே இருக்கிறார். குச்சியை விடவே மனமில்லை. விரதத்தைச் சோதிக்கத்தான் சாத்தான் மெஷினுக்குள் புகுந்துவிட்டான் என்று தோன்றியது. எழுந்து போய் ரோசாக் புத்தகத்தில் எழுதினேன்: 'ஏழாம் நம்பர் — மூன்றுக்குப் பதில் ஐந்து ஞாவா வருகிறது. உடனே சரிசெய்யவும்.' உடனே என்பதன் கீழ் இரண்டு கோடு.

8-3-1983

தௌக்கே புத்தகத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். எனக்கு மட்டும், "யூ குட் கேர்ள் லா."

14-3-1983

வந்தார். மெஷினின் அடிப்பலகையைக் கழற்றி இரண்டே நிமிடத்தில் மூடினார். "மூணு ஆக்கிட்டேன் மிஸ். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

என்னைக் கூப்பிடவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடி, செத்து, எழுந்து சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார். இரண்டு பக்கத்தையும் தானே சோதித்துவிட்டுப் போய்விட்டார். தௌக்கே திட்டிய கோபம் போல.

21-3-1983

பத்துமலை என்று வேறொரு மெக்கானிக் வந்தார். சதாசிவம் இனி காம்பார் பக்கமாம்.

3-4-1983, உயிர்ப்பு ஞாயிறு

முடிந்தது! ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஒருநாள்கூடத் தவறவில்லை. பூசையில் பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. நேர்ச்சை பலித்தால் இந்த வாரமே பலிக்க வேண்டும்.

4-4-1983

பத்துமலைதான் வந்தார்.

11-4-1983

அவர் வந்தார். பையில் ஸ்குரூ டிரைவர் இல்லை, மஞ்சள் தடவிய கார்டுகள் இருந்தன. தௌக்கேக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மே இருபத்தொன்பது, சித்தியவான்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் எழுதுனீங்க? உடனேன்னு. ரெண்டு கோடு போட்டு." கோபமே இல்லை குரலில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

என்னால் திட்டு வாங்கிவிட்டாரே என்று மட்டும்தான் என் மரமண்டைக்கு எட்டியது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அண்ணே! இத்தனை மாதம் நாக்கைக் கட்டி வைத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்து வந்து விழுந்தது. தலையை ஆட்டினார். "வாரேன் மிஸ்." படி இறங்கிப் போய்விட்டார்.

18-4-1983

ஏழாம் நம்பரில் மறுபடியும் ஐந்து வந்துவிடுமா என்று பத்துமலையிடம் கேட்டேன். அடிப்பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். அரிசிமணி அளவில் வரிசையாகச் சுவிட்சுகள்.

"இது ரோசாக்கே ஆகாது மிஸ். இந்தா பாருங்க, ஆணி முனையால யாராச்சும் தள்ளுனாத்தான் மூணு அஞ்சாகும். காசு போயிடும்னு எந்தத் தௌக்கேயும் தள்ள மாட்டான். எவன் செஞ்சானோ!"

எவன் செஞ்சானோ.

ஐயோ, அந்த மனுசன் அஞ்சு தள்ளி வச்சிருக்கார். நான் ஒரு நிமிசத்துல எந்திரிச்சி எந்திரிச்சிப் போனேன்ல, இன்னும் ரெண்டு ஞாவா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காருவேன்னு. எந்திரிச்சுப் போனது யாருக்காக? அவருக்காகத்தானே! அவர் கேட்கணும்னுதானே நாப்பது நாள் குச்சியைத் தொடல? அவர் கேட்டுட்டார். அவருக்குத் தெரிஞ்ச மாதிரி கேட்டுட்டார். நான் புத்தகத்துல எழுதிப் புகார் கொடுத்தேன். ரெண்டு கோடு போட்டு. மாதாவே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்? நேர்ச்சை பலிக்காமப் போனா போகட்டும்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டோக்கனுக்கு ஆள் நின்றது. போய்க் கொடுத்தேன்.

24-4-1983, ஞாயிறு

பஸ் ஏறிப் போய் அவரிடம் சொல்லிவிடலாமா? லகாட்டில்தான் வீடு, கால் மணி நேரம்தான். சொல்லி? கார்டு அடித்தாயிற்று. சித்தியவானில் ஒரு பெண் சேலை எடுத்திருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்? வாசல் வரை போய்த் திரும்பினேன். எங்கே கிளம்பினாய் என்று கேட்ட அம்மாவிடம், எங்கேயும் இல்லை என்றேன். உண்மைதான்.

29-5-1983

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

6-6-1983, திங்கள்

காலையில் பழக்கதோசத்தில் ஏழாம் நம்பரில் இரண்டு ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திவிட்டேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். போடவில்லை. நான் ஒருமுறை செத்ததும் திரை எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே ஆள் இல்லை. படகு தன்பாட்டுக்கு நின்றது, முதலை வந்தது, திரை என்னிடம் திரும்பி வந்தது.

இருந்த மூன்றிலேயே ஆடினேன். ஒவ்வொரு சுற்றிலும் தூரத்து மூலை ஆளைத்தான் முதலில் ஏற்றினேன். அது நல்ல ஆட்டம் இல்லை. ஆனால் ஒருவனை அங்கேயே நிற்க வைத்துவிட்டு மற்றவர்களை ஏற்ற என்னால் முடியவில்லை. ஒன்பதைத் தாண்டினேன். பன்னிரண்டு. பதினான்கு. ஒற்றை ஞாவாவோடு பதினாறாவது சுற்றுக்குள் போய், ஐந்து பேரையும் இறக்கினேன். பிறகு குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

வீடு இல்லை. வாசல் இல்லை. யாரும் இறங்கவில்லை. அதே ஆறு, அதே ஐந்து பேர், பதினேழாவது சுற்று.

பினாங்கும் பொய், வீடும் பொய். கதை எதற்கு என்று கேட்ட மனிதர், கதை இல்லை என்று அலுத்துக்கொண்ட எனக்காக உட்கார்ந்த இடத்தில் ஒரு கதை கட்டியிருக்கிறார். பதினாறு வரை நான் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமே. இந்தக் கடையில் எல்லா மெஷினையும் ஆடியவள் சொல்கிறேன்: இவற்றில் இருக்கிற கதைகளில் அது ஒன்றுதான் உருப்படி.

படகை நான் தொடவில்லை. முதலை வந்து முடித்துவைத்தது. டோக்கன் தட்டை எடுத்து வைத்துவிட்டு, ரோசாக் புத்தகத்தில் இன்றைய தேதி போட்டு எழுதினேன்: 'ஏழாம் நம்பர் — இரண்டு பக்கமும் பார்த்தேன். ரோசாக் ஒன்றும் இல்லை.'