லேஸ் கட்ட ஆள் வேணுமே

பெரியவன் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான், முதல் வகுப்பு. மகள் வீட்டுப் பேரன் ஆம்பூரிலேயே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். எல்லாரும் அவனை "சார்" என்கிறார்களாம். சின்னவன் மகள், உங்கள் செல்லம், நர்சிங் படித்து வேலைக்கே போய்விட்டாள்.

இதையெல்லாம் இன்றைக்கு உங்களுக்கு எழுதக் காரணம், சூப்பர்வைசர் பேரன் எனக்கு வாங்கி வந்த புதுச் செருப்பு. டப்பாவைத் திறந்ததும் தோல் வாசனை குப்பென்று வந்தது. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து நீங்கள் சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசனை. ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பேத்தி ஸ்கூலில் சேர்ந்த வருஷம் உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. தோல் வெட்டுகிற கட்டிங் செக்ஷனில் நிற்க முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றீர்கள். ஈசிஜி எடுத்தோம், நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம். கடைசியில் வேலூரில் மனநல டாக்டரிடம் போனோம். அவரைப் பார்க்கும் முன்னே ஒரு நர்ஸ் நம்மை உட்காரவைத்தாள். நம் மகளைவிடச் சின்னப் பெண்.

"தூக்கம் எப்படிங்கய்யா?"

"எங்க தூங்குறாரும்மா? கொட்டக் கொட்ட முழிச்சினு இருக்காரு," என்றேன் நான்.

"சாப்பாடு?"

"ரெண்டு இட்லி. அதுவும் நான் ஊட்டினாதான்."

அவள் சிரித்தாள். "ஏம்மா, அவருக்கு ஊசி போடணும்னாலும் உங்க கையத்தான் நீட்டுவீங்களா? அவரு சொல்லட்டும்."

நீங்கள்கூடச் சிரித்தீர்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அப்புறம் அவள் உங்களைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வெளியே அவ்வளவு கூட்டம். அவளோ வேறு வேலையே இல்லாதவள் மாதிரி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மெல்லப் பேச ஆரம்பித்தீர்கள். வேலை போய்விடுமோ என்கிற பயம், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காதது, விடியும்போதே வந்து அழுத்துகிற பாரம். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்குத் தெரியாததெல்லாம் அவளிடம் வந்தது.

பிறகு, குரலை மாற்றாமல் கேட்டாள். "செத்துப்போய்டலாம்னு நெனப்பு வருதாங்கய்யா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா இது! இல்லாத நெனப்ப நீயே எடுத்துக் குடுக்குற?" என்று எழுந்தேவிட்டேன்.

"உக்காருமே," என்றீர்கள் என்னிடம். அவளைப் பார்த்து, "வருதும்மா," என்றீர்கள்.

எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். சொன்னீர்கள். அதை நான் எழுத மாட்டேன். அவள் பதறவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. "இத்தினி நாளா உங்கள எது நிறுத்தி வெச்சுது?" என்றாள்.

குனிந்து உங்கள் செருப்பைப் பார்த்தீர்கள்.

"காலைல பேத்தி ஸ்கூலுக்குப் போவணும். லேஸ் கட்ட ஆள் வேணுமே. அவளுக்குக் கட்ட வராது."

பிள்ளைகள் என்பீர்கள், நான் என்பீர்கள் என்று நினைத்தேன். ஒரு ஷூ லேஸ்! என் தாலியைக் காத்தது அதுதான். அந்தப் பெண் கேட்டிராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். உங்களைத் தனியாக விடக்கூடாது, மாத்திரை என் கையில்தான் இருக்கவேண்டும் என்று எனக்கும் அவள் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு அனுப்பிய நாள் பஸ்ஸில் நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"தோலத் தடவிப் பாத்து, எங்க கீறல்னு சாக்பீஸ்ல வட்டம் போடுவோம்ல? அதுக்கோசரம் தோலையேவா தூக்கிப் போட்டுடறோம்? அந்தப் பொண்ணு எனக்கு வட்டம் போட்டுச்சுமே."

சட்டென்று சரியாகிவிடவில்லை. மாத்திரை, மறுபடி மறுபடி வேலூர், நடுவில் சில கெட்ட வாரங்கள். ஆனாலும் கட்டிங்கில் திரும்பப் போய் நின்றீர்கள். பேத்தி லேஸ் கட்டக் கற்றுக்கொண்ட பிறகும் நீங்கள்தான் கட்டிவிட்டீர்கள். போன வருஷம் உங்களைக் கொண்டுபோனது சர்க்கரை வியாதி. அந்தச் சாவு நினைப்பு இல்லை. ஆறாத புண்ணோடு உங்கள் கால் அப்போது என் மடியில் இருந்தது.

அந்தப் பேத்திதான் இப்போது மனநல வார்டில் நர்ஸ். "கேட்டுட்டு வாயத் தொறக்காம இருக்கறதுதான் ஆயா கஷ்டமே," என்கிறாள். நானும் பழகிக்கொண்டேன். வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்தால் பக்கத்தில் போய்க் கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயைக் கெட்டியாக மூடிக்கொள்கிறேன். நானா என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

பேத்திக்கும் இன்றைக்கே ஒரு கடுதாசி போடப்போகிறேன். யூனிஃபார்மில் புதுப் போட்டோ ஒன்று எடுத்து, செல்லில் வேண்டாம், தபாலில் அனுப்பு கண்ணு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று. கால் தெரியும்படி நின்று எடுக்கட்டும். லேஸைத்தான் நீங்கள் முதலில் பார்ப்பீர்கள்.