கூடையில் இருந்தது அண்ணன் பழம்

ஜூன் 9

இன்று மிட்டாய்க் கம்பெனியில் மூன்று டேங்க் கழுவினேன். இடுப்பு என்னுடையதா என்றே சந்தேகம்.

டேங்குக்குள் இருப்பது பாக்டீரியாவாம். நான் மாப்பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, பதமான சூடு, குழாய் வழியாகக் காற்று. கட்டின புருஷனைக்கூட நான் இப்படித் தாங்கியதில்லை. விளக்கெண்ணெயைத் தின்றுவிட்டுப் பீச் பழ வாசனை விடுகிறார்கள்! நாம் குடித்தால் என்ன வாசனை வரும் சார் என்று மேனேஜரைக் கேட்டேன். "அதுங்க ஜீனையே மாத்தி வெச்சிருக்கோம்க்கா" என்று சிரித்தார்.

இவர்கள் வந்த பிறகுதான் கம்பெனி எங்கண்ணன் தோட்டத்துப் பீச் பழத்தை வாங்குவதை நிறுத்தியது. அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஜூன் 17

மிட்டாய் பாக்கெட்டில் போட என்னைப் படம் எடுத்தார்கள். கன்னம் "ஆரோக்கியமாக" இருக்கிறதாம். குண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி நீலச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பூப்போட்ட உடுப்பு மாட்டிவிட்டார்கள். கையில் கூடை.

நல்ல பழம் எங்கே கிடைக்கும் என்று நேற்றே மேனேஜர் கேட்டிருந்தார். "நீங்க கைவிட்ட எங்கண்ணன் இருக்கானே சார்!" என்றேன். "கொண்டு வாங்கக்கா. நல்லா இருந்தா மறுபடி வாங்கச் சொல்லி மேல பேசறேன்."

அண்ணன் ஒவ்வொரு பழத்தையும் துடைத்துத் துடைத்து அடுக்கினான். "பழம் அனுப்புறியா, பொண்ணைக் கட்டிக் குடுக்கறியா?" என்றேன். சிரித்தான். எத்தனை நாளாச்சு அவன் சிரித்து.

ஜூலை 5

ஜூஸ் கம்பெனி ஆள் வந்து இந்த வருஷப் பழம் முழுவதையும் கேட்டாராம். அண்ணன் தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டான். "என் தங்கச்சி பேசியிருக்கா" என்றானாம்.

மேனேஜரோ இன்னும் மேலே பேசியதாகத் தெரியவில்லை.

ஜூலை 19

அண்ணன் தோட்டத்தில் பழமெல்லாம் மண்ணில் உதிர்ந்து கிடக்கிறது. மேனேஜர் அறைக்குப் போனேன். தலையை நிமிர்த்தாமல், "இனி பழம் எதுக்குக்கா? அன்னைக்குப் படத்துக்குத்தானே கேட்டேன்" என்கிறார்.

படத்துக்கு! ஒரு கூடைப் பழத்துக்காக என் வாயை வைத்தே என் அண்ணனை ஏமாற்றியிருக்கிறான் பாவி.

ஆகஸ்ட் 24

கடையில் தொங்குகிறேன். வரிசையாக, பாக்கெட் பாக்கெட்டாக. பின்னால் ஒரு தோட்டம் வரைந்து, 'இயற்கைப் பீச் சுவை' என்று போட்டிருக்கிறார்கள். "சொந்தத் தோட்டமாக்கா?" என்கிறாள் கடைக்காரி.

நேரே மேனேஜரிடம் போய் நின்றேன். "உயிருள்ளது செஞ்சதுதானேக்கா, சட்டப்படி இயற்கைதான்."

"அப்ப மாப்பிள்ளைங்க படத்தைப் போடுங்க! உழைக்கிறது அதுங்கதானே? என் மூஞ்சி எதுக்கு? எங்கண்ணன் பழம் எதுக்கு?"

அறைக்கு வெளியே மொத்த ஷிப்டும் நின்று கேட்டது. கேட்கட்டுமே.

ஆகஸ்ட் 26

அண்ணன் வந்தான். பாக்கெட்டை என் வாசலில் வைத்தான். "நீயும் கூட்டாடி?" அவ்வளவுதான். போய்விட்டான்.

இல்லடா. இல்லடா அண்ணா.

அக்டோபர் 3

மரங்களை வெட்டிவிட்டானாம். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

அக்டோபர் 4

போனேன். அடிமரம் அடிமரமாக நிற்கிறது. அண்ணி கதவைத் திறக்கவில்லை.

நவம்பர் 11

டேங்க் கழுவப் புது ஆள் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணன். கம்பெனி நீலச் சட்டை அவனுக்குப் பத்தவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷ்ஷைத் தரையில் அடித்தேன். உனக்கு வேற எடமே கெடைக்கலையா? இங்கதான் வரணுமா? அவன் பிரஷ்ஷைப் பொறுக்கிக்கொண்டான்.

டேங்க் மூடியைத் திறந்ததும் குனிந்து மோந்து பார்த்தான். ரொம்ப நேரம். "நம்ம பழமேதான்டி" என்றான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள் நான். இன்று அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி நானே தேய்த்தேன்.

சாப்பாட்டு அறைச் சுவரில் என் படத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள், கூடையும் கையுமாக. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அதே பக்கம் எனக்கும் இடம் விட்டான்.